மறுபடி கட்டக்கூடிய அடைவு

டக் கட்டிங் 1999ல் எழுதி, 2001ல் அப்பாச்சி குடையின் கீழ் வந்து சேர்ந்த லூசீன் என்ற ஜாவா நிரல் தொகுப்புதான் இன்று பரவலாகப் புழங்கும் கட்டற்ற தேடல் சர்வர்களின் அடித்தளம். சிநெட் நிறுவனத்துக்குள் 2004ல் யோனிக் சீலி தொடங்கி, 2006ல் அப்பாச்சிக்கு வந்த சோலர், 2010ல் ஷே பேனன் வெளியிட்ட எலாஸ்டிக்சர்ச், அதிலிருந்து 2021ல் கிளை பிரிந்த ஓப்பன்சர்ச் ஆகிய மூன்றுக்குள்ளும் ஓடுவது லூசீனே. ஒரு நூலகமோ, செய்தி நிறுவனமோ, கடையோ, அரசு ஆவணக்காப்பகமோ இவற்றில் ஒன்றை இறக்கி நிறுவ ஒரு பிற்பகல் போதும். காசும் கிடையாது. அதன்பின் வரும் ஆண்டுகளில்தான் செலவு தொடங்குகிறது. அந்த ஆண்டுகளில் பெரும்பாலோர் தங்கள் கவனத்தையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதில் செலுத்துகிறார்கள். அது தேவைதான், ஆனால் அதற்கும் முந்தைய கடமை ஒன்று உண்டு. சர்வரில் உள்ள அடைவு முழுவதையும் எந்த நாளிலும் தூக்கி எறிந்துவிட்டு, மூலத் தரவிலிருந்து புதிதாகக் கட்டிக்கொள்ள முடிகிற நிலையில் இருக்க வேண்டும். மற்ற பராமரிப்பு வேலைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்று கைவசம் இருந்தால் எளிதாகின்றன, இல்லாவிட்டால் ஆபத்தாகின்றன என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தேடல் சர்வர் உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். சங்க இலக்கியத்துக்கு அறிஞர்கள் தொகுத்த சொல்லடைவைப் போன்றதுதான் அதன் அமைப்பும். எந்தச் சொல் எந்த ஆவணத்தில், எத்தனை முறை, எத்தனையாவது இடத்தில் வருகிறது என்ற பட்டியலே அடைவு. நாம் ஒரு சொல்லைத் தேடும்போது சர்வர் ஆவணங்களைப் புரட்டுவதில்லை. சொல்லின் பட்டியலை எடுத்து, பல சொற்கள் என்றால் பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்தி, பொருந்திய ஆவணங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. அந்த மதிப்பெண்ணின் பின்னால் ஒரு பழைய கருத்து இருக்கிறது. எல்லா ஆவணத்திலும் வரும் சொல்லைவிட, சில ஆவணங்களில் மட்டுமே வரும் சொல் அதிகம் சொல்கிறது என்று காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972ல் எழுதினார். அந்த வழியில் வளர்ந்த பிஎம்25 என்ற சூத்திரமே 2016ல் வந்த லூசீன் 6 முதல் இயல்பான மதிப்பீட்டு முறையாக இருக்கிறது.

ஆனால் பட்டியலில் ஏறுவது ஆவணத்தில் உள்ள சொல் அப்படியே அல்ல. வாக்கியத்தைத் துண்டாக்கி, துண்டுகளைச் சீர்ப்படுத்தி, விகுதிகளை வெட்டி, எஞ்சியதைத்தான் அடைவில் ஏற்றுகிறார்கள். இந்த வேலையைச் செய்யும் பகுதியைப் பகுப்பி என்று சொல்லலாம். ஆங்கிலத்துக்கு இது ஓரளவு எளிது. தமிழுக்கு வரும்போதுதான் பகுப்பி எத்தனை முடிவுகளை நமக்காக எடுக்கிறது என்பது தெரிகிறது. 'பள்ளிக்கு' என்பது ஒரு சொல். ஆனால் 'பள்ளிக்குச் சென்றான்', 'பள்ளிக்குப் போனாள்' என்று ஒற்று மிகும்போது 'பள்ளிக்குச்', 'பள்ளிக்குப்' என்று கணினியின் பார்வையில் இரண்டு புதிய சொற்கள் பிறந்துவிடுகின்றன. 'மரம்' என்று தேடுபவருக்கு 'மரத்தில்', 'மரங்களை' இருக்கும் பக்கங்களும் வேண்டும். சரி, விகுதியை வெட்டிவிடலாம் என்று 'கள்' வரும் இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் 'மக்கள்' 'மக்' ஆகிவிடும், 'திங்கள்' 'திங்' ஆகிவிடும். இதைவிட நுட்பமான சிக்கல் எழுத்துக் குறியீட்டில் இருக்கிறது. 'கொடி' என்ற சொல்லின் முதல் எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்து வைத்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் படியைப் பகுப்பியில் சேர்க்காவிட்டால், ஒரு வகையாகத் தட்டச்சு செய்தவரின் தேடலுக்கு மற்ற வகையில் தட்டச்சான ஆவணம் கிடைக்கவே கிடைக்காது. கண்ணெதிரே இருக்கும் ஆவணம் 'இல்லை' என்று வரும்.

இந்தப் பிழைகள் முதல் நாளில் தெரிவதில்லை. மாதங்கள் கழித்து, யாரோ ஒரு வாசகர் தேடியது கிடைக்காதபோது தெரிகின்றன. அப்போது பகுப்பியைத் திருத்துவது சில வரி வேலைதான். ஆனால் திருத்தம் இனி வரும் ஆவணங்களுக்கும் இனி வரும் தேடல்களுக்கும் மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே அடைவில் ஏறிவிட்ட லட்சக்கணக்கான சொற்கள் பழைய முறையில் வெட்டப்பட்டபடியே கிடக்கும். புதிய முறையில் வெட்டப்பட்ட தேடுசொல் பழைய முறையில் வெட்டப்பட்ட அடைவுச் சொல்லோடு பொருந்தாததால், திருத்துவதற்கு முன் கிடைத்துக்கொண்டிருந்ததும் கிடைக்காமல் போகலாம். எல்லா ஆவணங்களையும் புதிய பகுப்பி வழியாக மறுபடி ஏற்றுவதைத் தவிர இதற்கு மாற்று கிடையாது. இத்துறையில் இருப்பவர்கள் ரீஇண்டெக்ஸ் என்று சொல்வது இதைத்தான். ஸ்னோபால் திட்டத்தில் தமிழுக்கென விகுதி வெட்டும் நிரல் வந்துவிட்டது, லூசீனிலும் தமிழ்ப் பகுப்பி சேர்ந்துவிட்டது. பாமினி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் கிடக்கும் ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளும் மேம்பட்டு வருகின்றன. இந்த முன்னேற்றம் ஒவ்வொன்றையும் அனுபவிக்க வேண்டுமானால் அடைவை மறுபடி கட்டியாக வேண்டும். மறுபடி கட்ட அஞ்சும் நிறுவனம், முதல் நாள் எடுத்த மொழியியல் முடிவுகளுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். தமிழில் தேடல் மோசமாக இருக்கும் பல இடங்களில் தொழில்நுட்பம் இல்லாதது காரணமல்ல, பழைய அடைவைத் தொட யாருக்கும் துணிவில்லாததே காரணம் என்பது என் கணிப்பு.

அடைவு டிஸ்கில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதும் இதே திசையில்தான் நம்மைத் தள்ளுகிறது. லூசீன் அடைவை செக்மென்ட் எனப்படும் துண்டுகளாக எழுதுகிறது. எழுதிய துண்டை அதன்பின் மாற்றுவதில்லை. புதிய ஆவணங்கள் வந்தால் புதிய துண்டு. ஓர் ஆவணத்தை அழித்தால், பழைய துண்டிலிருந்து அது நீங்குவதில்லை, 'இது செல்லாது' என்ற குறிப்பு மட்டும் பக்கத்தில் எழுதப்படுகிறது. ஆவணத்தைத் திருத்தினால் பழையதற்குச் செல்லாக் குறிப்பு, புதியதற்குப் புதிய இடம். பின்னணியில் சிறு துண்டுகளை இணைத்துப் பெரிய துண்டாக எழுதும் வேலை நடந்துகொண்டே இருக்கும். செல்லாத ஆவணங்கள் அப்போதுதான் நிஜமாகவே போகின்றன. எலாஸ்டிக்சர்ச் இயல்பாக நொடிக்கு ஒருமுறை புதிய ஆவணங்களைத் தேடலுக்குத் திறந்துவிடுவதால் சிறு துண்டுகள் பிறந்தவண்ணம் இருக்கும். டிஸ்க் ஏன் ஆவணங்களின் அளவைவிட வேகமாக நிரம்புகிறது, இணைப்பு நடக்கும்போது ஏன் திடீரென இடம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதற்கெல்லாம் விடை இங்கே இருக்கிறது. ஒரு கணினியின் டிஸ்க் 85 சதவீதம் நிரம்பினால் எலாஸ்டிக்சர்ச் அந்தக் கணினிக்கு அடைவின் புதிய பகுதிகளை அனுப்புவதை நிறுத்துகிறது. 90 சதவீதத்தில் இருப்பவற்றை வேறிடத்துக்கு நகர்த்தப் பார்க்கிறது. 95 சதவீதத்தில் அங்குள்ள அடைவுகளில் எழுதவே விடாமல் பூட்டிவிடுகிறது. பூட்டு விழுந்தபின் எல்லாத் துண்டுகளையும் ஒரேயடியாக இணைக்கச் சொல்லிக் கட்டளையிடுவது பதற்றத்தில் பலர் செய்யும் தவறு. அந்த வேலைக்கே கூடுதல் இடம் வேண்டும். மேலும், இயல்பான உச்ச அளவான 5 ஜிபியைத் தாண்டி உருவாகும் பெருந்துண்டு, அதன் பெரும்பகுதி செல்லாததாகும் வரை அடுத்த இணைப்புகளுக்கு வராமல் செல்லாத ஆவணங்களைச் சுமந்துகொண்டு கிடக்கும்.

6லிருந்து 7, 7லிருந்து 8 எனத் தலைமைப் பதிப்பு மாறும்போது ஒரு சுவர் எழுகிறது. லூசீனின் ஒரு தலைமைப் பதிப்பு, தனக்கு நேர் முந்தைய தலைமைப் பதிப்பில் உருவான அடைவைப் படிக்கும், அதற்கும் முந்தையதைப் படிக்காது. முன்பெல்லாம் படிப்படியாக மேம்படுத்தி, துண்டுகளைப் புதிய வடிவில் திருப்பி எழுதித் தப்பிக்க முடிந்தது. 7ஆம் பதிப்பு முதல், அடைவு எந்தப் பதிப்பில் பிறந்தது என்பதே அதற்குள் பதியப்படுகிறது. அதனால் 6ல் பிறந்த அடைவை 7ல் திருப்பி எழுதியிருந்தாலும் 8 திறக்க மறுத்துவிடும். இதைக் கண்டிப்பு என்று குறை சொல்பவர்கள் உண்டு. காரணம் இருக்கிறது. பழைய பதிப்பு எண்களைச் சுருக்கி வைத்த விதத்தில் சில நுண்ணிய தகவல்களை இழந்திருக்கும். வடிவத்தை மட்டும் மாற்றினால் இழந்தது திரும்பாது, மூலத்திலிருந்து மறுபடி படித்தால்தான் கிடைக்கும். அதாவது, அடைவு என்பது காலாவதியாகும் பொருள் என்று லூசீனை எழுதுபவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நாம் அதை நிரந்தரச் சொத்தாக நடத்தினால் மோதல் வரத்தான் செய்யும்.

எலாஸ்டிக்சர்ச் ஒரு வசதியின் மூலம் இந்த உண்மையைச் சற்று மறைத்துவிடுகிறது. நாம் அனுப்பும் ஆவணத்தின் முழு உரையையும் அடைவோடு சேர்த்து அதுவே சேமித்து வைக்கிறது. அதிலிருந்தே புதிய அடைவைக் கட்டும் கட்டளையும் இருக்கிறது. இதைப் பார்த்து, தனியே தரவுத்தளம் எதற்கு, இதுவே மூலமாக இருக்கட்டும் என்று சிலர் முடிவெடுக்கிறார்கள். இதை ஏற்கத் தயங்க இரண்டு காரணங்கள் உண்டு. அங்கே இருப்பது சர்வருக்கு அனுப்பப்பட்டதுதான், உண்மையான மூலம் அல்ல. பிடிஎஃப் கோப்பிலிருந்து உரையைப் பிரித்தெடுத்தபோது நேர்ந்த பிழை அதற்குள்ளும் அப்படியே இருக்கும். அடுத்தது, எழுதியதைத் தொலைக்காமல் காப்பதில் இந்த சர்வர்களின் வரலாறு. பரவிக் கிடக்கும் தரவுத்தளங்களைச் சோதிக்கும் ஜெப்சன் திட்டத்தில் கைல் கிங்ஸ்பரி 2014ல் எலாஸ்டிக்சர்ச்சை எடுத்துக்கொண்டார். கணினிகளுக்கிடையே வலையமைப்பு துண்டிக்கப்படும் சூழலில், 'எழுதிவிட்டேன்' என்று சர்வர் உறுதி சொன்ன ஆவணங்களும் தொலைந்துபோவதை அவர் காட்டினார். சேர்ந்து இயங்கும் ஒரே கணினிக் கூட்டத்தில் இரண்டு தலைமைக் கணினிகள் தங்களைத் தாங்களே தலைவர் என்று நம்பிக்கொண்டு தனித்தனியே எழுதியது அதற்கு ஒரு காரணம். அதன்பின் நிறையத் திருத்தங்கள் வந்தன, 2019ல் 7ஆம் பதிப்பில் தலைமையைத் தேர்ந்தெடுக்கும் பகுதியே புதிதாக எழுதப்பட்டது. இன்றைய நிலை அன்றைவிட எவ்வளவோ மேல். ஆயினும் வேகமாகத் தேடுவதற்காக வடிவமைக்கப்பட்ட ஒன்றின் மேல் தரவுத்தளத்தின் பொறுப்பைச் சுமத்த நல்ல காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

2017 ஜனவரியில் நடந்தது இதைவிடக் கொடிய சான்று. பூட்டு ஏதும் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான எலாஸ்டிக்சர்ச் சர்வர்களின் அடைவுகளை யாரோ அழித்துவிட்டு, பிட்காயின் கேட்டு மிரட்டல் குறிப்பை வைத்துவிட்டுப் போனார்கள். 2020 ஜூலையில் வந்த மற்றொரு தாக்குதலில் பணம்கூடக் கேட்கவில்லை. அடைவுகளை அழித்து, அந்த இடத்தில் பொருளற்ற எழுத்துகளும் இறுதியில் 'மியாவ்' என்ற சொல்லும் கொண்ட பெயர்களை விட்டுச் சென்றார்கள். மூலத்தைத் தனியே வைத்திருந்தவருக்கு இது சில மணிநேர அல்லது சில நாள் வேலை. அடைவையே மூலமாக நம்பியிருந்தவருக்கு எல்லாம் போயிற்று. ரெப்ளிகா எனப்படும் நகல்கள் இருந்தனவே என்றால், நகல் கணினி பழுதானால் காப்பாற்றும், அழிக்கும் கட்டளை வந்தால் அதையும் உண்மையாக நிறைவேற்றும்.

மறுபடி கட்டுவதை அன்றாடப் பழக்கமாக்கியவர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு விக்கிப்பீடியா. தமிழ் விக்கிப்பீடியா உட்பட விக்கிமீடியாவின் தளங்களில் தேடலை நடத்துவது சிர்ரஸ்சர்ச் என்ற நீட்சி. 2014 வாக்கில் அது எலாஸ்டிக்சர்ச்சின் மேல் நிலைபெற்றது. கட்டுரைகளின் மூலம் தரவுத்தளத்தில் இருக்கிறது, தேடல் அடைவு அதிலிருந்து பெறப்பட்டது மட்டுமே. பகுப்பியை மாற்ற வேண்டியிருந்தால் புதிய பெயரில் இன்னோர் அடைவைக் கட்டி, நிரம்பியதும் தேடல் போய்ச்சேரும் மாற்றுப்பெயரைப் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுகிறார்கள். தேடிக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியாது. இதோடு அவர்களிடம் இருக்கும் ஒரு சிறு நிரல் என்னை மிகவும் கவர்ந்தது. தரவுத்தளத்தில் உள்ள பக்கங்களை வரிசையாக எடுத்து, அடைவில் அது இருக்கிறதா, பழைய பதிப்பாக இருக்கிறதா, நீக்கப்பட்ட பக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துத் திருத்திக்கொண்டே சுற்றிவரும் நிரல் அது. அடைவும் மூலமும் காலப்போக்கில் விலகத்தான் செய்யும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு எழுதப்பட்டது. சிறிய நிறுவனங்களுக்கு இந்த அளவு ஏற்பாடு தேவையில்லை. ஆனால் எண்ணிக்கையையும் மாற்ற நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இருபது வரி நிரல் எவராலும் எழுதக்கூடியது.

எங்கள் தரவு பெரியது, மறுபடி கட்ட வாரக்கணக்காகும், அதுவரை இரண்டு மடங்கு டிஸ்கும் வேண்டும் என்பது இந்த வாதத்துக்கு வரும் வலுவான மறுப்பு. இடச் செலவு உண்மை, அதைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். நேரத்தைப் பொறுத்தவரை, எங்கே அது செலவாகிறது என்று அளந்து பார்ப்பவர்கள் குறைவு. லூசீன் எழுதும் வேகம் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. தரவுத்தளத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதும், ஸ்கேன் செய்த பக்கங்களிலிருந்து உரையைப் பிரிப்பதும்தான் நேரத்தை விழுங்குகின்றன. பிரித்தெடுத்த உரையைத் தனிக் கோப்புகளாகச் சேமித்து வைத்தால் அடுத்த முறை அந்தப் படி முழுவதும் மிச்சம். மொத்தமாக ஏற்றும்போது நொடிக்கொருமுறை தேடலுக்குத் திறந்துவிடுவதை நிறுத்தி, நகல்களையும் பூஜ்யமாக்கி, முடிந்தபின் பழையபடி வைத்தால் வேகம் கணிசமாகக் கூடும். நாளுக்கு நாள் வந்து குவியும் சர்வர் லாக் போன்றவற்றில்தான் சிக்கல் நிஜமானது, அங்கே திரும்பிப் போக மூலமே இருப்பதில்லை. அவற்றுக்கு, அடைவில் ஏற்றும் முன்பே சுருக்கிய கோப்பாக மலிவான சேமிப்பகத்தில் ஒரு பிரதியை ஒதுக்குவதே வழி. அடைவை அப்போதிருந்தபடியே சேமிக்கும் சர்வரின் ஸ்னாப்ஷாட் வசதி பயனுள்ளது, கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டியது. விரைவாக மீள்வதற்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதற்குள் இருப்பதும் அதே அடைவுதான், பதிப்புச் சுவர் அதற்கும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் கோப்புறையை நேரடியாக நகலெடுத்து பேக்கப் என்று வைத்துக்கொள்வதோ எதற்கும் உதவாது என்று எலாஸ்டிக்சர்ச்சின் ஆவணங்களே எச்சரிக்கின்றன.

வாடகைக்குக் கிடைக்கும் மேகச் சேவையை எடுத்துக்கொண்டால் இந்தத் தலைவலியெல்லாம் அவர்களுடையது என்று வாதிடுபவர்களும் உண்டு. கணினி பழுது, டிஸ்க், பாதுகாப்புத் திருத்தம் ஆகியவற்றை அவர்கள் பார்த்துக்கொள்வது உண்மை. பகுப்பி எப்படி இருக்க வேண்டும், மூலம் எங்கே என்ற கேள்விகள் நம்மிடமே தங்கும். எந்தக் கிளையில் தங்குவது என்ற கேள்வியும் அப்படியே. 2021 ஜனவரியில், எலாஸ்டிக்சர்ச்சை உருவாக்கும் எலாஸ்டிக் நிறுவனம் 7.11 முதல் அதன் உரிமத்தை மாற்றுவதாக அறிவித்தது. புதிய உரிமங்கள் இரண்டும் திறமூல வரையறைக்குள் வராதவை. அமேசான் 7.10ஐ அடிப்படையாக வைத்து ஓப்பன்சர்ச்சைத் தொடங்கியது. 2024ல் எலாஸ்டிக் ஏஜிபிஎல் உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது, ஓப்பன்சர்ச் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் தனி அமைப்பானது. யார் செய்தது நியாயம் என்பது இங்கே கேள்வியில்லை. 7.10க்குள் நின்றவர்கள் தங்கள் அடைவைப் புதிய கிளைக்கு எடுத்துச் செல்ல முடிந்தது. அதைத் தாண்டிவிட்டவர்களின் அடைவுக் கோப்புகள் ஓப்பன்சர்ச்சில் ஒட்டவில்லை. மூலத்தைத் தனியாக வைத்து, ஏற்றும் நிரலையும் ஒழுங்காக வைத்திருந்தவர்கள் மட்டும் எந்தப் பக்கம் போவது என்பதைத் தாங்களே தீர்மானித்தார்கள். திறமூலம் தரும் சுதந்திரம் உரிமத்தாளில் எழுதியிருப்பதோடு முடிவதில்லை, இடம் பெயரும் திறன் இருந்தால்தான் அது கைக்கு வருகிறது.

தனி சர்வரே வேண்டாம் என்ற கருத்தோடு எனக்குப் பெருமளவு உடன்பாடு. சில லட்சம் ஆவணங்கள்வரை போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் உள்ள உரைத் தேடலே பெரும்பாலும் போதும். 2019ல் வந்த 12ஆம் பதிப்பு முதல் அதில் தமிழ் விகுதி வெட்டியும் இருக்கிறது. அங்கே மூலமும் அடைவும் ஒரே இடத்தில் இருப்பதால், மறுபடி கட்டுவது ஒரு கட்டளையில் முடியும். தனி சர்வர் எடுப்பவர்கள் அந்த எளிமையை இழக்கிறார்கள் என்பதை அறிந்தே எடுக்க வேண்டும்.

மற்ற பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜாவாவுக்குத் தரும் நினைவகத்தை மொத்தத்தில் பாதிக்கு மேல் போகவிடாமலும் 32 ஜிபியைத் தொடாமலும் வைக்க வேண்டும். மீதி நினைவகம், இயங்குதளம் அடைவுக் கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளப் பயன்படும், தேடலின் வேகம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடக்கூடாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற பொதுவான பதிவு நிரலில் வெளிப்பட்ட ஓட்டை சோலரின் 7.4 முதல் 8.11.0 வரையிலான பதிப்புகளைப் பாதித்தது. 8.11.1 அதை அடைத்தது. மறுபடி கட்டத் தெரிந்தவர்கள் புதிய பதிப்பைப் பக்கத்திலேயே நிறுவி, அடைவைக் கட்டிப் பார்த்து, தேடலைத் திருப்பிவிட்டு அதே வாரத்தில் வெளியே வந்துவிடலாம். மற்றவர்கள் ஓடுகிற சர்வரைத் தொடலாமா என்று தயங்கியே நாட்களைக் கழிக்க வேண்டியிருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மறுபடி கட்டும் திறன் உதவாது. அழிந்ததை அது மீட்கும், கசிந்ததை மீட்காது. எலாஸ்டிக்சர்ச்சின் 9200, சோலரின் 8983 ஆகிய வலை வாயில்கள் (போர்ட்கள்) பொது இணையத்துக்குத் திறந்திருக்கவே கூடாது. கடவுச்சொல் போன்ற அடிப்படைப் பாதுகாப்பு எலாஸ்டிக்சர்ச்சில் 2019 மே மாதம்தான் இலவசமாயிற்று. இயல்பாகவே பூட்டப்பட்ட நிலையில் வரத் தொடங்கியது 2022ல் வந்த 8ஆம் பதிப்பில்தான். பழைய பதிப்பில் தங்கிவிட்டவர்கள் இதைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும். பூட்டு உடைந்தாலும் போவது குறைவாக இருக்க ஒரு வழி உண்டு. மூலம் தனியே பத்திரமாக இருக்கும்போது, தேடுவதற்குத் தேவைப்படாத தொலைபேசி எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி எதையும் அடைவில் ஏற்ற வேண்டிய அவசியமில்லை. ஆவணத்தின் எண்ணும் தேடப்படும் உரையும் போதும், மற்றதைத் தரவுத்தளத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அடுத்த முறை அடைவைக் கட்டும்போது அந்தப் புலங்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டுக் கட்டலாம்.